தராசுத் தட்டின் அடியில்

அணுவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் தமிழரசனுக்குத் தலைகால் புரியாது. மணி அடித்தது பிள்ளைகளுக்குக் கேட்கும், அவனுக்குக் கேட்காது. கல்வராயன் மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு உயர்நிலைப் பள்ளியில் அவன் தற்காலிக அறிவியல் ஆசிரியர். ஊர் சங்கராபுரம் பக்கம். கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் முதன்முதலாக பி.எஸ்சி. படித்து, பி.எட்.டும் முடித்தவன். வேலை நிரந்தரமாகிவிடும், நிரந்தரமாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் வகுப்புக்கு அணுப் பாடம் நடத்துகிற அன்று பையில் ஒரு அச்சுவெல்லமும் பேனாக்கத்தியும் கொண்டுவருவான். வெல்லத்தைப் பாதியாக வெட்டுவான். பாதியை மறுபடி பாதியாக்குவான். கடைசியில் நகக்கண்ணில் ஒட்டுகிற துணுக்குதான் மிஞ்சும். "இதையும் வெட்டலாம். நம்மகிட்ட கத்திதான் இல்ல. வெட்டிக்கினே போனா ஒரு எடத்துல இதுக்கு மேல வெட்ட முடியாதுன்னு வரும், அதுதான் அணுன்னு கிரேக்க தேசத்துல ஒருத்தர் சொன்னார். கண்ணால பாத்துச் சொல்லல, உக்காந்து யோசிச்சே சொன்னார்" என்பான். பிறகு துணுக்கை நக்கிவிட்டு, மீதி வெல்லத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடுவான். அதற்காகவே அந்தப் பாடத்துக்கு யாரும் லீவு போடமாட்டார்கள்.

அவனுடைய ஆள் டால்டன். இங்கிலாந்தில் ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தவர் என்று சொல்லும்போது ஏதோ சித்தப்பா மகனைப் பற்றிச் சொல்கிற பெருமை முகத்தில் தெரியும். ஒவ்வொரு பொருளின் அணுவுக்கும் ஒரு எடை உண்டு, அணு புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிந்துபோவதும் இல்லை, கூட்டாளியைத்தான் மாற்றிக்கொள்கிறது. "அடுப்புல எரிஞ்ச வெறகு எங்க போச்சி? எங்கயும் போவல. புகையையும் சாம்பலையும் புடிச்சி நிறுத்தினா எல்லாம் கணக்குக்கு வந்துடும்." அதோடு விடமாட்டான். "டால்டன்கிட்ட இருந்தது ஓட்டைச் சாமான்ங்க. ஆக்சிஜனுக்கு ஏழுன்னு வந்துது அவருக்கு. தண்ணியில ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சேந்திருக்குன்னு நெனச்சிக்கினாரு. அவர் கணக்குப்படியே பாத்தாலும் எட்டு வரணும். ஆனா வந்ததை வந்த மாதிரி எழுதி வெச்சாரு. அதனாலதான் பின்னாடி வந்தவங்க திருத்த முடிஞ்சிது. தப்பா வர்றது தப்பில்ல, மறைக்கறதுதான் தப்பு."

எவ்வளவு நன்றாகச் சொன்னான் பாருங்கள். சொல்கிறதற்கு என்ன, வாய்க்கு வரியா போட்டிருக்கிறார்கள்?

அந்த வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள் நர்மதா. மலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். அங்கிருந்து பத்தாவது வரைக்கும் வந்த முதல் பெண் பிள்ளை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய விடுதியில் தங்கிப் படித்தாள். அப்பா மாதன் சாமை விதைக்கிறவர். கடுக்காய், புளி, தேன் கொண்டுவந்து சந்தையில் போடுவார். படிப்பு நின்றால் கல்யாணம்தான்; தாய்மாமன் தயாராக இருந்தான். அதை அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

ஆவணி மாதத்தில் மாவட்டக் கல்வி அலுவலர் பள்ளியைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியர் தமிழரசனைக் கூப்பிட்டு, "உங்க சப்ஜெக்ட்ல ஏதாவது செஞ்சி காட்டுங்க. அவரு ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டா உங்க வேலைக்கும் நல்லது" என்றார். தமிழரசன் எடை மாறாத சோதனையைச் செய்வதாகச் சொன்னான். ஒரு பாட்டிலில் சோடா உப்பு, அதற்குள்ளேயே சின்னக் குழாயில் எலுமிச்சைச் சாறு. கார்க்கால் இறுக மூடித் தராசில் நிறுப்பது. பிறகு பாட்டிலைச் சாய்த்தால் இரண்டும் கலந்து பொங்கும். பொங்கி அடங்கிய பின் மறுபடி நிறுத்தால் முள் அதே இடத்தில் நிற்க வேண்டும். உள்ளே எவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்தாலும் அணு ஒன்றுகூடக் குறையவில்லை என்று டால்டன் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

கார்க் பழசு, ஓரத்தில் வெடித்திருந்தது. அதை அடைக்க மெழுகு வேண்டுமென்று சொன்னான். லீவுக்கு ஊருக்குப் போன நர்மதா, தேக்கிலையில் சுற்றித் தேன்மெழுகு கொண்டுவந்தாள். பழுப்பு நிறத்தில் தேன் வாசம் போகாத நல்ல மெழுகு.

அலுவலர் வருகிற அன்று காலையில் செய்து பார்த்தான். அவசரத்தில் கார்க்கின் ஒரு பக்கம் மட்டும் மெழுகு பூசியிருந்தான். சாய்த்ததும் நுரை பொங்கியது, எங்கேயோ புஸ்ஸென்று காற்று போனது. தட்டில் வைத்தால் பாட்டில் பக்கம் மேலே நின்றது. கார்க்கைப் பிடுங்கித் துடைத்துப் பொறுமையாகப் பூசியிருக்கலாம். நேரமில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நேரம் இருந்தது, மனசுதான் இல்லை. மீதி மெழுகில் சுண்டைக்காய் அளவு உருட்டி, மேலே நின்ற தட்டின் அடியில் ஒட்டிப் பார்த்தான். முள் நடுவில் வந்து நின்றது. அந்த உருண்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஜீப் வந்தது. அலுவலர் வந்து வகுப்பில் உட்கார்ந்தார். முதல் எடை சரியாக நின்றது. பாட்டிலை எடுத்துச் சாய்த்து இடது கையால் உயரத் தூக்கிக் காட்டினான். எல்லாக் கண்ணும் நுரையைப் பார்த்தன. வலது கை தட்டைத் துடைக்கிற மாதிரி போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தது. பாட்டிலை வைத்தான். முள் நடுவில் நின்றது.

"வெரி குட்" என்றார் அலுவலர். "ஒரு ஸ்டூடண்டைக் கூப்பிட்டு முள்ளைப் பாக்கச் சொல்லுங்க."

"நர்மதா, வா. வந்து பாத்து சாருக்குச் சொல்லு" என்றான். அவள்தானே கெட்டிக்காரி.

அங்கேதான் கெட்டது. மலைக்காரர்கள் தராசைப் பார்க்கிற விதமே வேறு. சந்தையில் கடுக்காய் போட வருகிறவர்களை ஏமாற்ற, எடைக்கல் வைக்கிற தட்டின் அடியில் யாபாரிகள் சிலர் புளியையோ மெழுகையோ ஒட்டிவைப்பதுண்டு. பட்டுப் பட்டு அவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தராசு என்று ஒன்றைக் கண்டால் முதலில் இரண்டு தட்டின் அடியிலும் விரலால் ஒரு தடவு தடவுவார்கள். யாபாரி முறைத்தாலும் சட்டை செய்யமாட்டார்கள். நர்மதா நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவோடு சந்தைக்கு வந்தவள். முள்ளைப் பார்க்கவே இல்லை. பழக்கதோஷத்தில் கை தன்னால் தட்டின் அடியில் போயிற்று, போன இடத்தில் நின்றது.

விரலை எடுத்துப் பார்த்தாள். நுனியில் பழுப்பு மெழுகு. பிறகு தமிழரசனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்விகூட இல்லை. சந்தையில் யாபாரியைப் பார்க்கிற பார்வை அது.

"என்னம்மா அது?" என்றார் அலுவலர்.

"மெழுகு சார்."

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. தமிழரசனுக்குக் காது இரண்டும் கொதித்தன. அப்போது அவன் வாயிலிருந்து வந்ததை அவனே கேட்டான்: "இந்தப் பொண்ணுதான் சார் மெழுகு கொண்டாந்துச்சி. தட்டுல வெச்சி வெளையாடியிருக்கும். மலையிலேர்ந்து வர்ற புள்ளைங்க, இன்னும் பழகல."

மெழுகு அவள் கொண்டுவந்தது என்று வகுப்புக்கே தெரியும். நம்பாமல் என்ன செய்வார்கள்? அலுவலர் லேசாகச் சிரித்து, "கண்டிச்சு வைங்க" என்று எழுந்தார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நர்மதா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

தமிழரசன் சாப்பிட்டான், தூங்கினான், பாடம் நடத்தினான். முன்பெஞ்சில் அந்த இடத்தை மட்டும் பார்க்காமல் நடத்தினான். அணுவுக்கு அடுத்த பாடத்துக்கு ஓடியே போனான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது. ஆனால் நாக்கு பத்திரமாக வாய்க்குள்தான் இருந்தது, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டது. அந்த 1987-ஆம் வருஷத்து மறியலைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வடதமிழ்நாடு முழுக்க ரோட்டில் மரம் சாய்ந்து கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. ஆலைக்கு வெட்டிய கரும்பு வண்டியிலேயே காய்ந்தது. பள்ளிக்கூடத்துக்கும் பூட்டு. தமிழரசன் ஊரில் இருந்தான். அவன் தம்பி சின்னராசு மறியலில் முன்னால் நின்றான். தமிழரசனுக்கும் அந்தக் கோரிக்கை நியாயம்தான். தாத்தா காலத்திலிருந்து உழுதும் ஒரு கிளார்க் வேலைக்குக்கூட எட்டாத ஜனம், எங்கள் பங்கைக் கொடு என்று கேட்பதில் என்ன தப்பு?

"அண்ணே, நீ ரெண்டு வார்த்த பேசு. படிச்சவன் பேசுனா நல்லா இருக்கும்" என்றான் சின்னராசு. ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த புளியமரத்தின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். எதிரே மாமன், மச்சான், சித்தப்பன் என்று ஊரே நின்றது.

"நம்ம ஒண்ணும் ஜாஸ்தி கேக்கல" என்று ஆரம்பித்தான் தமிழரசன். "நம்ம பங்கைக் கம்மி பண்ணாதீங்கன்னுதான் கேக்கறோம். தராசை நேராப் புடிங்கன்னு கேக்கறோம். தட்டுக்கு அடியில எதையும் ஒட்டாம…"

அதற்குமேல் வரவில்லை. யோசித்துப் பேசிய பேச்சில்லை அது. தானாக வந்து தொண்டையில் குத்தி நின்றது. மரத்தின் மேல் நின்றபடி வாயைத் திறந்து திறந்து மூடினான். ஜனங்கள் அவனுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் செருப்படியாக விழுந்தது.

இறங்கி வந்து, "சைக்கிளைக் குடு" என்றான்.

"ரோடே அடச்சிக் கெடக்குது, எங்கண்ணே போற?"

"மலைக்கு."

"இன்னாத்துக்கு?"

ஏறி மிதித்தான். மரம் கிடந்த இடத்திலெல்லாம் நம்ம பையன்தான் என்று சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார்கள். அடிவாரத்து டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறத் தொடங்கினான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நான்தான் ஒட்டினேன்." மூன்று சொல்கூட வேண்டாம், இரண்டே சொல். ஏறும்போது சுலபமாகத்தான் இருந்தது.

இருட்டியதும் வழியில் ஒரு திண்ணையில் படுத்துவிட்டு, மறுநாள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மாதன் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து ஆட்களும் நின்றார்கள். இவனைக் கண்டதும் மாதன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "வாங்க, வாங்க. வாத்தியாரு வந்துக்கிறாரு, பாயைக் கொண்டாந்து போடு" என்று மனைவி வெள்ளச்சிக்குக் குரல் கொடுத்தார். பாய் வந்தது, கும்பா நிறையச் சாமைக்கஞ்சி வந்தது. தூரத்தில் பலாமரத்தடியில் ஆடுகளோடு நர்மதா நின்றாள். கிட்டே வரவில்லை.

இவன் வாயைத் திறக்கும் முன் மாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான்தாங்க கீழ வந்து உங்க கால்ல உழுந்திருக்கணும். பஸ்ஸும் இல்லாமப் போயிடுச்சி. தட்டுல மெழுகு ஒட்டறது யாபாரி பண்ற வேல. எம் பொண்ணு போயி அதைப் பண்ணிட்டு வந்துக்கீது. எங்க மூஞ்சியை எங்க வெச்சிக்கறதுன்னு தெரியலீங்க."

"அவ… இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. நீயா பண்ணேன்னு கேட்டேன். வாத்தியாரு சொன்னாருன்னா அப்பிடியே வெச்சிக்கன்னா." மாதன் களத்தைக் காட்டினார். "எங்க வூட்டுல ஒரு வழக்கம்ங்க. அளவுல பொய் பண்ண கை அந்த வருசத்து வெள்ளாமையைத் தொடக்கூடாது. வருசா வருசம் அவதான் படி புடிச்சி அளப்பா. இந்த வாட்டி ஆடு ஓட்ட அனுப்பிட்டேன். தை பொறந்தா அவ மாமனுக்கே குடுத்துடலாம்னு கீறோம்."

இதுதான் இடம், சொல்லியிருக்க வேண்டும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தவன் தமிழரசன். என்ன சொன்னான் தெரியுமா? "பரவால்லீங்க. நான் மன்னிச்சிட்டேன். படிக்க அனுப்புங்க" என்றான். மன்னித்துவிட்டானாம்! தான் செய்த தப்புக்கு அடுத்தவள் தலையில் மன்னிப்பையும் வைத்துவிட்டான்.

மாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏ புள்ள, வாத்தியாரே மன்னிச்சிட்டாரு. வா, வந்து அள" என்று கூப்பிட்டார். நர்மதா வந்தாள். சாமைக் குவியலின் மேல் படி இருந்தது. அதைத் தொடவில்லை.

"மன்னிப்புல அளக்கமாட்டேன்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். தமிழரசன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்தான் தமிழரசன். உடம்பு கூனிக் குறுகிவிட்டது. "மாதண்ணே, அவ ஒட்டல. நான்தான் ஒட்டுனேன்" என்றான்.

இப்படி ஒரு வினை வருமென்று அவன் நினைக்கவில்லை. மாதன் நம்பவில்லை. அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா, புள்ளைக்காவ பழியத் தன் மேல போட்டுக்கறாரு. எவ்ளோ பெரிய மனசு!" என்றார். வெள்ளச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். தமிழரசனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"தராசு இருக்குதா?" என்று கேட்டான். "மெழுகும் கொஞ்சம் குடுங்க."

தேன் நிறுக்கிற தராசை எடுத்துவந்து களத்தோர மரக்கிளையில் மாட்டினார்கள். இரண்டு தட்டிலும் சாமையைக் கொட்டிச் சமமாக நிறுத்தினான். ஒரு தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தான். அந்தத் தட்டு மேலே போனது. "இப்ப அந்தப் பலாமரத்தைப் பாருங்க" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். வலது கை தட்டைத் துடைத்தது. திரும்பிப் பார்த்தபோது தராசு நேராக நின்றது. கை தடுமாறவே இல்லை, என்ன லாவகம்!

"தடவிப் பாருங்கண்ணே" என்றான்.

மாதன் விரலை விட்டுத் தடவினார். மெழுகைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தலையில் கட்டிக்கொண்டார். மகளிடம், "போயி அளம்மா" என்றார்.

நர்மதா உட்கார்ந்து படியை எடுத்தாள். ஒன்று என்பதற்குப் பதில் "லாபம்" என்று சொல்லி முதல் படியைக் கொட்டினாள். பிறகு ரெண்டு, மூணு என்று குரல் சீராகப் போனது. வெள்ளச்சி பாயைச் சுருட்டவில்லை, கும்பாவையும் எடுக்கவில்லை. பசியோடு வந்தவர் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தமிழரசன் அதை மறுபடி கையில் எடுக்கவில்லை.

அவன் கிளம்பியபோது சரிவு வரைக்கும் நர்மதா வந்தாள்.

"கார்க்குக்கு முழுசா மெழுகு பூசி இன்னொருவாட்டி செய்வீங்களா சார்?"

"செய்றேன்."

"அப்பவும் கொறஞ்சி வந்தா?"

"கொறஞ்சதுன்னே போர்டுல எழுதறேன்."

"டால்டன் ஏழுன்னு எழுதினாப்பலயா சார்?"

அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான், முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்பா உடுவாரான்னு தெரியல சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ரோட்டிலிருந்து மரங்களை அப்புறப்படுத்தினார்கள், பள்ளி திறந்தது. தமிழரசன் முதலில் தலைமையாசிரியரிடம் போனான். "முடிஞ்சி போனதை எதுக்குய்யா கெளறிக்கினு? வேல பர்மனன்ட் ஆவற நேரத்துல" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அங்கிருந்து நேராக வகுப்புக்குப் போய், "அன்னிக்கி மெழுகு ஒட்டுனது நான். நர்மதா இல்ல" என்றான். கடைசிப் பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். முன்பெஞ்சு காலியாகவே கிடந்தது. அந்த வாரம் முழுக்க அப்படியே கிடந்தது.

ஒருநாள் காலை, பாட்டிலும் கார்க்கும் தராசும் மேஜைமேல் வைத்துவிட்டு அவன் கார்க்குக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் தெரிந்தது. நர்மதா தகரப் பெட்டியோடு நின்றாள், பக்கத்தில் மாதன். அவர் பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. இன்று வந்தார். தலைத்துண்டு தலையிலேயே இருந்தது. வணக்கம் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. நேராக மேஜைக்கு வந்து குனிந்து, ஒரு தட்டின் அடியில் விரலை விட்டு நிதானமாகத் தடவினார். பிறகு அடுத்த தட்டு. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முடிக்கும்வரை தமிழரசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

மாதன் விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுத்தமா கீது. போயி உக்காரும்மா" என்றார் மகளிடம்.

அப்புறம் தமிழரசனைப் பார்த்து, சந்தையில் யாபாரியிடம் சொல்கிற அதே குரலில், "இப்ப நிறுங்க" என்றார்.